டிராவலரின் மரப் பின்கதவு: புதிதாக மாட்டிய பிறகு வரும் தொல்லைகளும் தீர்வும்

மாரிஸ் மைனர் டிராவலரைப் பின்னாலிருந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வீட்டு அலமாரியைக் கொண்டுவந்து காருக்குப் பின்னால் வைத்தது போல இரண்டு மரக்கதவுகள், இடமும் வலமுமாகத் திறக்கும். 1953-இல் இங்கிலாந்தில் வெளிவந்த வண்டி இது. 1971 வரை செய்தார்கள். நம் அம்பாசடர் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழி வந்தது என்றால், மைனர் அதே வீட்டின் சின்னப் பிள்ளை.

இந்த வண்டியில் மரம் அழகுக்காக ஒட்டியது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். முன்பாதிதான் இரும்பு. பின்பாதி ஆஷ் என்ற மரத்தில் செய்த சட்டம். அலுமினியக் கூரையும் பக்கத் தகடுகளும் அந்தச் சட்டத்தின் தயவில் நிற்கின்றன. மரம் மக்கியிருந்தால் இங்கிலாந்தில் ஆண்டுச் சோதனையிலேயே வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், 2018-இல் இவ்வளவு பழைய வண்டிகளுக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை என்று ஆகும் வரை.

குன்னூரில் என் பட்டறை. அப்பா வீட்டு வேலை பார்த்த தச்சர். எஸ்டேட் பங்களாக்களுக்குக் கதவும் ஜன்னலும் செய்தவர். அவரிடம் கற்ற வேலையைத்தான் நான் கார்களில் செய்கிறேன். டிராவலரின் பின்பக்கத்தை முதன்முதலில் பார்த்தபோது அவர் சொன்னது: “இது கார் கதவு இல்லடா, வீட்டுக் கதவு. நிலை சரியா இருக்கான்னு பாக்காம இழைப்புளியக் கையில எடுக்காத.” அவர் நிலை என்று சொன்னது பின்கதவைச் சுற்றியுள்ள மரச்சட்டத்தை. இரண்டு பக்கத் தூண், மேலே உத்தரம், கீழே குறுக்குக் கட்டை.

புதுக் கதவு மாட்டியவர்கள் என்னிடம் சொல்லும் குறைகளை, அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே கீழே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் வண்டியின் குறை எதுவோ அங்கே போய்ப் படிக்கலாம். ஆனால் முதல் குறையை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவற்றில் பாதிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

“நடுவுல மேல இடிக்குது, கீழ கை போற அளவுக்குச் சந்து”

கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா கொண்டுவந்த வண்டி. வேறொரு இடத்தில் புதுக்கதவு செய்து மாட்டியிருந்தார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு கதவும் சந்திக்கும் இடத்தில் தலைப்பக்கம் ஒன்றோடொன்று முட்டியது, அடிப்பக்கம் விலகி நின்றது. “மேல கொஞ்சம் சீவிட்டா போதும்னு சொன்னாங்க தம்பி” என்றார். சீவினால் போதும்தான், அன்றைக்கு.

இந்தக் குறையோடு வரும் வண்டியை முதலில் சமதளத்தில், நான்கு சக்கரத்தின் மேல் நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு கதவின் சந்தை அளந்தால் எல்லா அளவும் பொய். மலையில் சமதளத்துக்கு எங்கே போவது என்பீர்கள். என் பட்டறைக்குள் ரசமட்டம் வைத்துப் போட்ட சிமெண்ட் தரை ஒரு வண்டி அளவுக்குத்தான் இருக்கிறது. வாசலில் நிறுத்தினால் வண்டி ரயில்வே பாலத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும்.

அடுத்து இரண்டு கதவையும் கழற்றிவிட்டு, வெறும் நிலையை மூலைக்கு மூலை அளங்கள். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு ஒன்று, வலது மேலிருந்து இடது கீழுக்கு ஒன்று. நிலையின் தலையும் அடியும் ஒரே அகலமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் இந்த இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் வரை வித்தியாசம் என்றால் கீலுக்கு அடியில் தகடு கொடுத்தே சரிசெய்துவிடலாம். கோத்தகிரி வண்டியில் ஒன்பது மில்லிமீட்டர் இருந்தது.

எந்தத் தூண் நகர்ந்தது? உத்தரத்தின் நடுவில் ஒரு ஆணியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலிலிருந்து இரண்டு தூணின் அடிக்கும் அளந்தால் தெரிந்துவிடும். எங்களுக்கு வலது தூணின் அடி வெளியே போயிருந்தது. பார்வைக்குப் புது மரம் போல இருந்த இடம். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். டங், டங் என்று வந்த சத்தம் கடைசி ஒரு சாண் தூரத்தில் தொம் என்று மாறியது. குத்தூசியை வைத்து அழுத்தினால் கேக்கில் போவது போலப் போயிற்று. மரக்கலர் பட்டி பூசி, மேலே வார்னிஷ் அடித்து மறைத்திருந்தார்கள். உள்ளே ஈரமான பொடி. அந்தப் பொடியின் மேல்தான் புதுக்கதவின் முழுப் பாரமும் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்படி இருந்தால் கதவை மறந்துவிட்டுத் தூணைப் பாருங்கள். தூணில் கை வைப்பதற்கு முன் நிலைக்குள் குறுக்கே ஒரு பலகையை மூலைக்கு மூலை முடுக்கிக் கட்டிவிடுங்கள். கூரையின் பாரத்தைத் தாங்குவது தூண். அதை அறுத்தெடுத்த பிறகு கூரை தன் இஷ்டத்துக்குச் சாயும், அப்புறம் பழைய இடத்துக்கு வராது. மக்கிய பகுதிக்கு மேலே நல்ல மரம் வரும் இடத்தில் சாய்வாக வெட்டிப் புதுத் துண்டை ஒட்ட வேண்டும். சாய்வின் நீளம் கட்டையின் கனத்தைப் போல எட்டு மடங்கு. நேராக வெட்டி ஒட்டினால் ஒட்டு அங்கேயே விட்டுவிடும். இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பசைதான் இதற்குச் சரி.

தூண் நேரானதும் அந்த அம்மாவின் கதவுகளை மாட்டினேன். சீவாமலே உட்கார்ந்தன.

நிலை சரியாக இருந்து கதவு மட்டும் தொங்கினால் வேலை சின்னது. கதவின் நடு ஓரம் கீழே இறங்கியிருந்தால், கீழ்க் கீலுக்குப் பின்னால் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்று கொடுங்கள். கதவின் அடி வெளியே தள்ளப்பட்டு நடு ஓரம் தானாக மேலேறும். பலர் மேல் கீலுக்குத் தகடு கொடுத்துவிட்டு, இன்னும் தொங்குகிறதே என்று முழிப்பார்கள்.

“மாசியில நல்லாத்தான் இருந்துச்சு, மழை வந்ததும் ஒட்டிக்கிச்சு”

ஊட்டி வண்டிகள் இந்தக் குறையோடு ஆடியில் வரும். குன்னூர், கோத்தகிரி வண்டிகள் ஐப்பசியில் வரும். தென்மேற்குப் பருவமழை ஊட்டி, கூடலூர்ப் பக்கம் கொட்டும். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரியது. எந்த ஊர் வண்டி என்று கேட்காமலே மாதத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து அகலத்தில் உப்புகிறது, நீளத்தில் அசைவது இல்லை என்றே சொல்லலாம். 75 மி.மீ. அகலமுள்ள கட்டையில் ஈரம் ஐந்தாறு சதவீதம் ஏறினால் சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலும். இரண்டு கதவிலும் சேர்த்து நெட்டுக்கு நிற்கும் கட்டைகள் நான்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், சந்து எங்கே போயிற்று என்று தெரியும்.

ஆரம்ப காலத்தில் இதே குறையோடு ஒரு வண்டி வந்தது. நல்ல மழைநாள். நான் இழைப்புளியை எடுத்து இரண்டு கதவின் நடு ஓரத்தையும் வழவழவென்று சீவி, “இனி ஒட்டாது அண்ணே” என்று அனுப்பிவைத்தேன். ஒட்டவும் இல்லை. மாசி மாதம் அவர் திரும்பி வந்தபோது இரண்டு கதவுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போயிற்று. சீவிய மரம் சீவியதுதான். ஓரத்தில் புதிதாக மெல்லிய சட்டம் ஒட்டிக் கொடுத்தேன், என் காசில். அந்த ஒட்டுக்கோடு இன்றும் அந்த வண்டியில் தெரியும். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைக் காட்டிச் சிரிப்பார்.

எனவே மழைக்காலத்தில் ஒட்டும் கதவை மழைக்காலத்தில் சீவாதீர்கள். கதவு ஓரத்தில் சாக்பீஸை நன்றாகத் தேய்த்துவிட்டு மூடித் திறங்கள். எதிர்க் கதவில் வெள்ளை படியும் இடம்தான் உரசும் இடம். பென்சிலால் குறித்து, வெயில் காலம் வரை காத்திருங்கள். பொறுக்க முடியாது என்றால் குறித்த இடத்தில் மட்டும் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள், ஓடும்.

மாசி, பங்குனியில் வண்டி காய்ந்தபின் அளந்தால், நடுச்சந்து மூன்று மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மூன்று மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றைச் சந்தில் மேலிருந்து கீழ் வரை ஓட்டிப் பார்ப்பேன். எங்கே சிக்குகிறதோ அங்கே சீவலாம். சீவிய ஓரத்தை அன்றைக்கே வார்னிஷ் அடித்து மூடுங்கள். வெறும் மரமாக விட்ட ஓரம் அடுத்த மழையில் மற்ற இடங்களைவிட அதிகம் குடிக்கும். பிறகு அந்த ஓரம்தான் முதலில் ஒட்டும்.

“ஒரு கதவு மேல ஒக்காருது, கீழ வெளிய நிக்குது”

கதவு முறுக்கிக்கொண்டது. கழற்றி மேசையில் படுக்க வைத்து, தலைக்கட்டையின் மேல் ஒரு நேரான பட்டையும் அடிக்கட்டையின் மேல் ஒரு பட்டையும் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு பட்டையும் ஒன்றன்மேல் ஒன்று மறைந்தால் கதவு நேர். ஒரு முனை தூக்கித் தெரிந்தால் அதுதான் முறுக்கு.

இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்றால் அதை இரண்டு கீலுக்கும் பாதிபாதியாகப் பிரித்துக் கொடுத்துக் கண்ணுக்குத் தெரியாமல் செய்யலாம். மேல் கீலைக் கொஞ்சம் வெளியே, கீழ்க் கீலைக் கொஞ்சம் உள்ளே என்று தள்ளி உட்கார வைப்பது அது. அதற்கு மேல் என்றால் கதவுச் சட்டத்தைப் பிரித்துச் செய்வதே மேல். பாரம் வைத்து நிமிர்த்துவது, வெந்நீர்த் துணி போடுவது எல்லாம் நான் செய்து பார்த்து விட்டவை. ஒரு வாரம் நேராக இருக்கும்.

முறுக்குக்குக் காரணம் பெரும்பாலும் மரத்தின் தேர்வில் இருக்கும். ஆஷ் மரம் நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. இங்கிலாந்தில் இந்தச் சட்டங்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள், வரவழைக்கலாம். கப்பலில் வந்த கட்டையை வந்த அன்றே மாட்டினால் இதே முறுக்குதான். இங்கேயே செய்வதென்றால் என்னுடைய ஓட்டு பழைய தேக்குக்கு. இடித்த வீட்டின் உத்தரமோ நிலையோ, வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து, மேட்டுப்பாளையத்தில் வாங்குகிறேன். ஐம்பது அறுபது வருடம் காய்ந்த கட்டை அதன் ஆட்டத்தை எல்லாம் ஆடி முடித்திருக்கும். சொந்தத் தோட்டத்தில் நிற்கும் மரத்தை வெட்டிக் காயவைத்துச் செய்யலாமே என்று எஸ்டேட்காரர்கள் கேட்பதுண்டு. மலைப்பகுதியில் 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் இதற்கு ஆகாது, ஸ்க்ரூவைப் பிடிக்கும் வலு அதற்கு இல்லை. யூகலிப்டஸ் பற்றிக் கேட்கவே வேண்டாம். காயக் காய முறுக்கும் மரம்.

கீழேயிருந்து கொண்டுவரும் கட்டை எதுவானாலும், பட்டறையில் காற்றுப்படும்படி சக்கை வைத்து அடுக்கி நான்கு வாரமாவது போட்டு வையுங்கள். மேட்டுப்பாளையத்து வெயிலில் கிடந்த மரம் ஆறாயிரம் அடி உயரத்துக்கு ஏறி வந்திருக்கிறது, அதற்கும் இந்த ஊர் பழக வேண்டும்.

தேக்கில் ஒரு சங்கடம் உண்டு. அதில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டு பிடிக்காமல், ஒரு கட்டையின் முனையில் சீவிய நாக்கு அடுத்த கட்டையில் வெட்டிய துளையிலிருந்து கழன்று வரும். ஒட்டுவதற்குச் சற்றுமுன் நாக்கையும் துளையையும் தின்னரால் துடைத்து, அது காய்ந்த உடனே பசை பூசிவிடுங்கள். காலையில் துடைத்துவிட்டு மாலையில் ஒட்டினால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும்.

“கீல் ஸ்க்ரூ சுத்திக்கிட்டே இருக்கு, பிடிக்கல”

துளை தேய்ந்துவிட்டது. தீக்குச்சியும் வெள்ளைப் பசையும் வீட்டு அலமாரிக்குச் சரி. குலுங்கும் வண்டிக்கு வேண்டாம். துளையைப் பத்து மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கி, அதே மரத்தில் ஒரு முளை சீவி, எபாக்ஸி பூசி அடித்து இறக்குங்கள். மறுநாள் தலையை வெட்டிச் சமப்படுத்தி, புதிதாகச் சிறு துளை போட்டு ஸ்க்ரூவை ஏற்றுங்கள்.

பித்தளை ஸ்க்ரூ போடுகிறவர்கள், அதே அளவு இரும்பு ஸ்க்ரூ ஒன்றை முதலில் ஏற்றிக் கழற்றி மரை வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு பித்தளையைச் சோப்பில் தேய்த்து ஏற்றுங்கள். பித்தளை மெத்தென்ற உலோகம். பாதி வழியில் கழுத்து முறிந்து உள்ளே நின்றுவிட்டால் அதை எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும்.

முளை அடித்த மறு வருடமே அதே இடம் தேய்ந்தால் அந்தத் தூண் உள்ளே மக்குகிறது என்று பொருள். முதல் குறைக்குத் திரும்பிப் போங்கள்.

“மழை விட்டு ரெண்டு நாளாச்சு, இன்னும் கதவுலேருந்து சொட்டுது”

மரக்கதவைக் கொல்லுவது இதுதான். மழையில் நனைந்து காயும் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. நனைந்து காயாமல் இருக்கும் மரம்தான் மக்கும். மரத்தில் ஈரம் இருபது சதவீதத்துக்கு மேல் தங்கினால் மக்க வைக்கும் பூஞ்சணத்துக்கு விருந்து. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் நாள்கணக்கில் மேகம் தரையில் நடக்கும். வெளியே நிற்கும் வண்டி காய்வதற்கு ஒரு பொழுது கிடைக்காது.

எங்கே நுழைகிறது என்று பார்க்க ஓஸ் பைப்பை எடுத்து மேலிருந்து அடிக்காதீர்கள். எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்தால் எதுவும் தெரியாது. ஒருவர் உள்ளே டார்ச்சுடன் உட்காரட்டும். வெளியே இருப்பவர் சொம்பில் தண்ணீர் எடுத்துக் கதவின் அடியிலிருந்து தொடங்கட்டும். அடிக்கட்டையில் ஊற்றி ஐந்து நிமிடம் பார்ப்பது, பிறகு அலுமினியத் தகட்டின் ஓரம், பிறகு கண்ணாடியின் அடி ஓரம், பிறகு பக்கங்கள், கடைசியில் தலை. எந்தப் படியில் உள்ளே முதல் துளி தெரிகிறதோ, கடைசியாக ஊற்றிய இடம்தான் ஓட்டை.

பத்தில் எட்டு தடவை கண்ணாடியின் அடிப்பக்கம்தான் மாட்டும். கண்ணாடி உட்காரும் காடிக்குள் தண்ணீர் இறங்கி, போக வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. ரப்பரை மாற்றிவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். ரப்பர் எவ்வளவு நல்லதானாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். போன தண்ணீர் வெளியே வர வழி வேண்டும். காடியின் அடியில், வெளிப்பக்கம் சாய்வாக ஆறு மி.மீ. துளை இரண்டு போடுங்கள். துளைக்குள்ளும் வார்னிஷை இறக்குங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சி இதற்கு நல்ல கருவி.

கதவின் அடிக்கட்டையைக் குனிந்து, முடிந்தால் படுத்துப் பாருங்கள். மேலே கண்ணாடி போல மின்னும் வார்னிஷ், அடியில் வெறும் மரம் இருக்கும். செய்தவர் கதவை நிற்க வைத்தே அடித்திருப்பார். கட்டையின் வெட்டுமுகம், அதாவது ஆண்டு வளையம் தெரியும் முனை, பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் உறிஞ்சும். புல்லாங்குழல்களைக் கட்டாகக் கட்டித் தண்ணீரில் நிறுத்தியது போல. கதவை மாட்டுவதற்கு முன்பே எல்லா வெட்டுமுகத்துக்கும் தின்னர் கலந்து நீர்த்த வார்னிஷை, குடிப்பது நிற்கும் வரை ஊட்டுங்கள். மாட்டிய பிறகு அந்த இடத்துக்குக் கை போகாது.

“வார்னிஷ் உரியுது, அங்கங்க கறுப்பா இருக்கு”

மேலே படர்ந்த கறுப்பு என்றால் பூஞ்சணம், சோப்புத் தண்ணீரில் போகும். ஸ்க்ரூ, ஆணித் தலையைச் சுற்றி மை ஊறியது போல இருந்தால் இரும்புக் கறை. வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துப் பூசினால் ஒரு மணி நேரத்தில் வெளுக்கும். அது விஷம். கையுறை போடுங்கள், குழந்தைகள் பக்கம் வைக்காதீர்கள், பிறகு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். அந்த ஆணியை மாற்றாமல் கறையை மட்டும் எடுத்தால் அடுத்த வருடம் அதே இடத்தில் பார்க்கலாம்.

வார்னிஷ் வெயில் படும் பக்கம் மட்டும் உரிந்தால் அது சூரியனின் வேலை. மலையில் குளிர்கிறது என்று வெயிலை இளக்காரமாக நினைக்கிறோம். உயரம் ஏற ஏற புற ஊதாக் கதிர் அதிகம். தளவாடங்களுக்கு அடிக்கும் உள்வீட்டுப் பாலிஷ் இங்கே ஒரு கோடைகூடத் தாங்காது. வெளிப்புறத்துக்கென்று விற்கும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷாக வாங்குங்கள்.

அடிக்கும் நேரமும் முக்கியம். காலை பத்து மணிக்கு முன்னால் மரத்தில் பனி இருக்கும். பிற்பகல் இரண்டுக்குப் பிறகு அடித்தால் காய்வதற்குள் மேகம் இறங்கிவிடும். அந்த நான்கு மணி நேரத்துக்குள் ஒரு பூச்சு, அவ்வளவுதான். அவசரப்பட்டு ஒரே நாளில் இரண்டு பூச்சு அடித்தவர்களின் கதவு பால் ஊற்றியது போல வெளுத்து என்னிடம் வரும்.

“தகட்டு ஓரத்துல வெள்ளைப் பொடி வருது”

அலுமினியத் தகட்டை இரும்பு அல்லது பித்தளை ஸ்க்ரூ தொடும் இடத்தில் ஈரம் பட்டு அலுமினியம் அரிக்கப்படுகிறது. பொடியைத் துடைத்து, துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூவாக மாற்றி, தலைக்கு அடியில் கொஞ்சம் சீலன்ட் வைத்து இறுக்குங்கள். மரத்தைப் பூச்சியிலிருந்து காக்கத் தாமிரம் கலந்த மருந்து ஏற்றிய பச்சை நிறக் கட்டைகள் விற்கிறார்கள். தகடு உட்காரும் சட்டத்துக்கு அதைப் போடாதீர்கள், தாமிரம் அலுமினியத்தைத் தின்னும்.

“காட் ரோட்டுல இறங்கும்போது கடகடன்னு அடிக்குது”

கதவை மூடி, வெளியே நின்று உள்ளங்கையால் நடுவில் அழுத்துங்கள். உள்ளே போய் வந்தால் கொண்டி தளர்ந்திருக்கிறது, கொண்டி விழும் தகட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். கதவு அசையாமல் சத்தம் மட்டும் வந்தால் கண்ணாடியோ தகடோதான். விரல் நுனியால் தட்டிக்கொண்டே போனால் அதிரும் இடம் கைக்குத் தெரியும். மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏறித்தான் சோதிக்க வேண்டும் என்பதில்லை. பர்லியார் வரை போய்வந்தால் போதும், அதற்குள் வேண்டிய கொண்டை ஊசி வளைவுகள் வந்துவிடும்.

“பின்னாடி உக்காந்தவங்களுக்குத் தலைவலி வருது”

இதை மட்டும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பெட்டி போல நெட்டாக முடியும் வண்டி ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகை வண்டியை ஒட்டியே சுழலும். கதவு ரப்பரில் சந்து இருந்தால் அந்தப் புகை உள்ளே வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. குளிருக்கு எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு போகிற ஊர் இது.

இரவில் வண்டிக்குள் ஒரு விளக்கைப் போட்டுவிட்டு வெளியே நின்று பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் புகையும் போகும். பிறகு தினத்தாளிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, கதவுக்கும் ரப்பருக்கும் நடுவில் வைத்து மூடி இழுங்கள். பிடித்து இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தொடவில்லை. கதவைச் சுற்றி ஒரு சாணுக்கு ஒருமுறை இப்படிப் பாருங்கள். சைலன்சர் குழாயின் முனை பம்பரைத் தாண்டி வெளியே நிற்கிறதா, நடுவில் எங்கும் ஓட்டை இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். இதெல்லாம் முடியும் வரை முன் ஜன்னல்களை இறக்கிவிட்டு, பின்னால் யாரையும் உட்கார வைக்காமல் ஓட்டுங்கள்.

“எல்லாம் சரிதான், ஆனா மூடுற சத்தம் பழைய மாதிரி இல்ல”

கோத்தகிரி அம்மா வண்டியை எடுக்க வந்த அன்று சொன்னது. மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அவருக்குச் சின்ன வயதிலிருந்து பழகிய சத்தம் சளக் என்று இருக்குமாம். இப்போது தொப் என்கிறது. பழைய கதவில் தளர்ந்த தகடும் காய்ந்த ரப்பரும் சேர்ந்து போட்ட தாளம் அது. அதைத் திருப்பிக் கொண்டுவர எனக்குத் தெரியாது என்றேன். “சரி, இருக்கட்டும் தம்பி” என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

புது ரப்பர் ஒரு மாதத்தில் அமுங்கிவிடும், அப்போது கொண்டி கொஞ்சம் தளரும். தகட்டை ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வைக்கத் தை பிறந்ததும் வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.